கேட்டவர் யார்? போர்க்கால வானொலியும் தன்னார்வலர் அருங்காட்சியகங்களும்

1. கேள்வி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளின் தலைநகர் கிர்க்வால். அதன் துறைமுகத்தை ஒட்டிய கில்ன் கார்னர் என்ற தெருமுனையில் ஆர்க்னி வயர்லெஸ் அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. ஜிம் மெக்டொனால்ட் என்ற ஆர்வலர் தாம் சேர்த்த கருவிகளைக் கொண்டு செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப் என்ற சிற்றூரில் இதைத் தொடங்கினார். 1997இல் கிர்க்வாலுக்கு இடம் மாறியது. கோடை மாதங்களில்தான் திறந்திருக்கும். கதவைத் திறப்பது, தூசி தட்டுவது, பழுது பார்ப்பது, வருபவருக்கு விளக்கம் சொல்வது எல்லாம் தன்னார்வலர்கள்தாம். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பெருந்தளமாக இருந்த ஸ்காபா ஃப்ளோவின் தகவல் தொடர்பு வரலாறும், தீவு மக்களின் வீட்டு வானொலி வரலாறும் அங்கே ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன.

பிரிட்டனில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஃபியோனா காண்ட்லின் தலைமையில் நடந்த ‘மேப்பிங் மியூசியம்ஸ்’ ஆய்வு, 1960க்கும் 2020க்கும் இடையே அந்நாட்டில் இருந்த 4,000க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களைத் தொகுத்தது. அக்காலத்தில் அருங்காட்சியகங்கள் பெருகியதற்குச் சிறிய, தனித்து இயங்கும் அமைப்புகளே பெரிதும் காரணம் என்று அது காட்டியது. அருங்காட்சியகவியல் நூல்கள் நெடுங்காலம் பேசியது பெரிய நிறுவனங்களைப் பற்றி. மக்கள் கட்டியெழுப்பியது வேறொன்றை.

இச்சிறு அமைப்புகளைப் பற்றி நிலவும் கருத்துகளை இரண்டாகப் பிரிக்கலாம். இவை ஆர்வலர்களின் பரண்கள் என்பது ஒன்று. பெட்டிகள் வரிசையாக இருக்கும், மாதிரி எண்கள் இருக்கும், வால்வுகளின் பெயர்கள் இருக்கும், வரலாறு மட்டும் இருக்காது என்பார்கள். பெரிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் செத்துக் கிடக்கும் கருவி இங்கே உயிரோடு இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்த மனிதரும் பக்கத்தில் நிற்கிறார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் கருவியை நடுவில் வைத்தே வாதாடுகின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கம்பியில்லாத் தந்தியின் போர்க்கால வரலாற்றில் எவ்வளவு பங்கு கருவியில் நடந்தது? அதற்கு விடை தெரிந்தால்தான் கருவியைக் காப்பவர்கள் எதைக் காக்கிறார்கள், எது கைநழுவுகிறது என்று சொல்ல முடியும். ஸ்காபா ஃப்ளோவிலிருந்தே தொடங்கலாம்.

2. ஸ்காபாவின் மூன்று செய்திகள்

யட்லாண்ட் கடற்போருக்கு முந்தைய இரவு, 1916 மே 30 அன்று, பிரிட்டிஷ் தளபதி ஜெலிகோவின் பெருங்கடற்படை ஸ்காபாவிலிருந்து புறப்பட்டது. மறுநாள் நண்பகலுக்குப் பின் லண்டன் கடற்படைத் தலைமையகம் அவருக்கு அனுப்பிய தந்தி, ஜெர்மன் கடற்படையின் தலைமைக் கப்பல் இன்னும் யாட் துறைமுகப் பகுதியிலேயே இருப்பதாகத் திசைகாட்டும் நிலையங்கள் தெரிவிக்கின்றன என்றது. உண்மையில் ஜெர்மன் தளபதி ஷேயர் பல மணி நேரத்துக்கு முன்பே கடலுக்குள் வந்துவிட்டார். அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம் தம் துறைமுக அழைப்புக்குறியான ‘டிகே’யைக் கரை நிலையத்திடம் விட்டுவிட்டு வேறு குறியைப் பயன்படுத்துவது வழக்கம். இது பிரிட்டிஷ் கடற்படையின் மறைகுறி உடைக்கும் பிரிவான ‘அறை 40’இன் ஒட்டுக்கேட்பாளர்களுக்குத் தெரியும். செயல்பாட்டுப் பிரிவின் தலைவர் தாமஸ் ஜாக்ஸன் அறைக்குள் வந்து ‘டிகே’ எங்கே என்று மட்டும் கேட்டார், விடையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார் என்பது பரவலாக எழுதப்பட்ட கதை.

இக்கதையை அப்படியே ஏற்கக் கூடாது. தந்தி ஆவணமாக இருக்கிறது; அதைப் பற்றி ஐயமில்லை. ஜாக்ஸனின் அந்த வருகையோ, அறை 40இல் பணியாற்றியவர்கள் பின்னாளில் சொன்ன நினைவுகளை நம்பி நிற்கிறது. அதைப் பற்றி அண்மைக்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். தம் அறிவை மேலதிகாரிகள் மதிக்கவில்லை என்ற மனத்தாங்கல் கொண்டவர்களின் சாட்சியம் அது என்பதை மறக்கக் கூடாது. எப்படி நடந்திருந்தாலும் ஒன்று உறுதி. கருவிகள் தவறு செய்யவில்லை. ‘டிகே’ ஒலித்தது யாட்டிலிருந்துதான். திசைகாட்டிகள் சரியாகவே காட்டின. அந்தக் குறி யாருடையது என்ற அறிவு கேட்டவர்களிடம் இருந்தது, முடிவெடுத்தவரைச் சென்று சேரவில்லை. இதன் விலை அன்றிரவே தெரிந்தது. ஜெர்மானியர் ஹார்ன்ஸ் ரீஃப் வழியாகத் திரும்புகிறார்கள் என்று காட்டிய சரியான தகவலை ஜெலிகோ நம்பவில்லை. பகலில் ஒருமுறை ஏமாந்தவர் அவர்.

இரண்டாவது செய்தி 1941 மே 22இல் வந்தது. ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் நார்வேயின் பெர்கன் அருகே ஒரு ஃபியோர்டில் நிற்பதாக முந்தைய நாள் விமானப் படம் காட்டியிருந்தது. மறுநாள் வானிலை மோசமாகி விமானங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. கிர்க்வாலை ஒட்டியுள்ள ஹாட்ஸ்டன் கடற்படை விமானத் தளத்திலிருந்து ஒரு மேரிலாண்ட் விமானம் கிளம்பிப் போய்ப் பார்த்தது. கப்பல் அங்கே இல்லை. இந்தச் செய்தியை விமானத்தின் வானொலி இயக்குநர் கரையோரப் படைப்பிரிவின் அலைவரிசையில் திரும்பத் திரும்ப அனுப்பியும் பதில் வரவில்லை. பிறகு அவர் தமக்குப் பழகிய இன்னொரு அலைவரிசைக்கு மாறினார். பீரங்கிப் பயிற்சிக்காக வானில் இலக்குகளை இழுத்துச் செல்லும்போது அவருடைய படைப்பிரிவு பயன்படுத்தும் அலைவரிசை அது. ஸ்காபா பக்கம் பயிற்சியில் இருந்த இயக்குநர் ஒருவர் காதில் அது விழுந்தது. விமானம் ஹாட்ஸ்டனில் இறங்கியதும் பார்வையாளர் ரோதரம் தொலைபேசியில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி டோவியிடமே உறுதிசெய்தார். டோவியின் தலைமைக் கப்பல் கட்டப்பட்டிருந்த மிதவைக்குக் கரையிலிருந்து தொலைபேசிக் கம்பி போயிருந்தது. அன்றிரவே அவருடைய கடற்படை புறப்பட்டது. எந்தக் கையேட்டிலும் இல்லாத வழி. எந்த அலைவரிசையில் யார் காது இருக்கும் என்று அந்த இயக்குநருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, அதே வேட்டையில் மே 25 அன்று. பின்தொடர்ந்தவர்கள் பிஸ்மார்க்கைத் தவறவிட்டிருந்தார்கள். இது தெரியாத ஜெர்மன் தளபதி லுட்யென்ஸ், நீண்டதொரு செய்தியை வானொலியில் அனுப்பினார். பிரிட்டிஷ் நிலையங்கள் அதன் திசைக்கோடுகளைப் பிடித்தன. தலைமையகம் கணக்கிட்ட இடத்தை அனுப்பாமல் வெறும் கோடுகளை மட்டும் டோவிக்கு அனுப்பியது. அப்படி அனுப்பச் சொல்லியிருந்தவர் டோவியேதான். தலைமைக் கப்பலில் அக்கோடுகளை வரைபடத்தில் தவறாக இழுத்தார்கள். வானொலி அலை செல்லும் பெருவட்டப் பாதையை வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தில் நேர்கோடாக இழுத்தால் தொலைவு கூடக்கூடப் பிழையும் கூடும். பிஸ்மார்க் தென்கிழக்கே பிரான்சை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, டோவியின் கப்பல்கள் பல மணி நேரம் வடகிழக்கே ஓடின. மறுநாள் காலை ஒரு கேட்டலீனா விமானம் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்தது. மே 27 அன்று அது மூழ்கியது.

மூன்று நிகழ்வுகளிலும் கருவிகள் நன்றாகவே வேலை செய்தன. முடிவைத் தீர்மானித்தவை வேறு: ஒரு குறியின் பழக்கத்தை அறிந்திருந்தது, ஓர் அலைவரிசையின் பழக்கத்தை அறிந்திருந்தது, ஒரு கோட்டை எந்தத் தாளில் இழுக்க வேண்டும் என்பது. இவற்றில் எதுவும் அலமாரியில் வைக்கக்கூடிய பொருள் அன்று. வானொலிக் கருவிகளைச் சேகரிக்கும் எந்த அருங்காட்சியகத்துக்கும் இதுவே அடிப்படைச் சிக்கல்.

3. எது தங்கியது, ஏன் தங்கியது

போர்க்கால வானொலிச் சேகரிப்புகளில் சில கருவிகள் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ஆர்1155 வாங்கியும் டி1154 பரப்பியும், தரைப்படையின் 19ஆம் எண் வயர்லெஸ் பெட்டியும், அமெரிக்காவின் எச்.ஆர்.ஓ., ஏ.ஆர்.88 வாங்கிகளும் அவற்றுள் முக்கியமானவை. இவைதாம் போரில் மிக முக்கியமானவை என்பதால் இவை தங்கின என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். போர் முடிந்ததும் அரசு உபரிப் பொருளாக மலிவு விலைக்கு விற்றவை இவற்றில் பல. லண்டன் லைல் தெருக் கடைகளில் குவிந்து கிடந்தவற்றை அமெச்சூர் வானொலிக்காரர்கள் வாங்கி, வீட்டு மின்சாரத்துக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினார்கள். அவர்கள் கொட்டகைகளில் வாழ்ந்து, அவர்களுக்கு வயதானதும் அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. ஒட்டுக்கேட்பு நிலையங்களில் எழுதப்பட்ட பதிவுத்தாள்களுக்குச் சந்தை கிடையாது. அவற்றில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. ஆக, இன்று நாம் காணும் சேகரிப்பின் வடிவத்தைத் தீர்மானித்ததில் போருக்கு இருந்த பங்கைவிடப் போருக்குப் பிந்தைய பழைய சாமான் சந்தைக்கு இருந்த பங்கு அதிகம்.

இதனால் பொருள் ஊமை என்று முடிவுகட்டிவிட முடியாது. 19ஆம் எண் பெட்டிகள் சிலவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். கனடாவில் சோவியத் படைக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டவை அவை. கூட்டணி அரசியலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தத் தகடு ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. 1944இல் பிரிட்டனில் வெளியான ‘போர்க்காலப் பொதுமக்கள் வானொலி’யும் அப்படியே. பல நிறுவனங்கள் ஒரே வடிவமைப்பில் செய்தன. எதிலும் தயாரிப்பாளர் பெயர் இல்லை. மத்திய அலை மட்டுமே எடுக்கும். அதன் அருகே நாஜி அரசு மலிவு விலையில் பரப்பிய ‘மக்கள் வானொலி’ விஇ301ஐ வைத்துப் பார்க்க வேண்டும். அந்த 301, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஜனவரி 30ஆம் தேதியைக் குறிக்கும். எந்தக் குரல் வீட்டுக்குள் வரலாம் என்ற அரசியலை இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு வகையில் தம் உடம்பில் சுமக்கின்றன. வீட்டு வானொலியையும் படை வானொலியையும் ஒன்றாக வைத்திருக்கும் ஆர்க்னி போன்ற சிறிய இடங்களுக்கு இத்தகைய ஒப்பீடு எளிது. துறைவாரியாகப் பிரிந்து கிடக்கும் பெரிய அருங்காட்சியகங்களுக்கு அவ்வளவு எளிதன்று.

பரண் என்ற குற்றச்சாட்டுக்கு இது போதுமான பதில் என்று நான் கருதவில்லை. பொருள் பேசும், ஆனால் உற்பத்தியைப் பற்றியும் கொள்கையைப் பற்றியும் நன்றாகப் பேசும் அளவுக்குப் பயன்பாட்டைப் பற்றிப் பேசாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தவரின் களைப்பு பெட்டியில் பதிவதில்லை.

4. இயக்கலாமா, கூடாதா

தன்னார்வலர்களுக்கும் தொழில்முறைக் காப்பாளர்களுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவரும் பிணக்கு இது. பழைய வால்வு வானொலியில் மெழுகுத்தாள் கண்டென்சர்கள் காலப்போக்கில் கசியத் தொடங்கும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் வால்வோ மின்மாற்றியோ எரிந்துபோகலாம். கண்டென்சரை மாற்றினால் பெட்டி பாடும்; ஆனால் அது இனி 1940இன் பெட்டி இல்லை. சில ஆர்வலர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டிருக்கிறார்கள். பழைய கண்டென்சரின் கூட்டைச் சூடாக்கித் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, விரல்நுனி அளவுள்ள புதியதை வைத்து மெழுகால் மூடிவிடுவார்கள். வெளியே பார்த்தால் தொடாதது போலவே இருக்கும். மிக அழகான கைவேலை. காப்பாளரின் கண்ணில் மோசடிக்கு அடுத்த படி.

என் சார்பு தன்னார்வலர் பக்கம், ஒரு நிபந்தனையோடு. வானொலி என்பது ஒலித்தால்தான் வானொலி. ஒலிக்காத பெட்டி தச்சு வேலைக்குச் சான்றாகலாம். ஆனால் எதை எடுத்தோம், எதை வைத்தோம், எப்போது என்று எழுதி வைக்காமல் செய்யும் பழுது சான்றழிப்புதான். சிறு அருங்காட்சியகங்களில் அந்தக் குறிப்பேடு பெரும்பாலும் ஒரே மனிதரின் தலைக்குள் இருக்கும். அவர் போனால் அதுவும் போய்விடும். பழைய விமானக் கருவிகளின் முட்களிலும் முகப்புகளிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது ஆபத்து. இதுபோன்ற அறிவும் எழுத்தில் இல்லாவிட்டால் அடுத்து வருபவரின் உடம்புக்கே கேடு.

5. பிளெட்ச்லியில் ஒரு சோதனை

தன்னார்வலர் மீட்டெடுப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிரிட்டனின் போர்க்கால மறைகுறி உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் மறுபடி கட்டப்பட்ட கொலோசஸ். ஜெர்மன் உயர்தலைமையின் லோரன்ஸ் மறைகுறித் தொலையச்சுச் செய்திகளை உடைக்க டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த இயந்திரம் அது. போருக்குப் பின் இரண்டைத் தவிர மற்றவற்றைக் கழற்றிப்போட்டார்கள். அவ்விரண்டும் பின்னர் மறைந்தன. 1993இல் டோனி சேல் என்பவர் மறுபடி கட்டும் பணியைத் தொடங்கியபோது கையில் இருந்தவை சில ஒளிப்படங்களும், கட்டளையை மீறிப் பொறியாளர்கள் பத்திரப்படுத்திய சில சுற்றுப்பட நறுக்குகளும்தான். 1996இல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2007இல் முழுமை பெற்றது.

முழுமை பெற்றதைக் கொண்டாட அந்த ஆண்டு நவம்பரில் ஒரு போட்டி வைத்தார்கள். ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் உள்ள ஹைன்ஸ் நிக்ஸ்டோர்ஃப் அருங்காட்சியகத்திலிருந்து அசல் லோரன்ஸ் கருவியால் மறைத்த செய்திகளை அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒலிபரப்பினார்கள். கொலோசஸும் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் அவற்றைப் பிடித்து உடைக்க வேண்டும். பான் நகரைச் சேர்ந்த யோவாகிம் ஷூத் தாமே எழுதிய நிரலால் வென்றார். அவருடைய மடிக்கணினி சக்கர அமைப்புகளைக் கண்டுபிடிக்க 46 விநாடி எடுத்தது. கொலோசஸ் மறுநாள் சுமார் மூன்றரை மணி நேரத்தில் முடித்தது.

எல்லாரும் எழுதியது இந்த 46 விநாடியைத்தான். அந்த எண்ணைவிட முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமல் போனது. கொலோசஸ் ஒரு நாள் பிந்தியதற்கு அதன் வேகம் காரணமில்லை; முதல் நாள் பிளெட்ச்லியில் வானொலிச் சமிக்ஞை சரியாக விழவில்லை, எனவே இயந்திரத்துக்குக் கொடுக்கத் தெளிவான நாடா கிடைக்கவில்லை. ஷூத்திடம் நல்ல வாங்கி இருந்தது, அதை இயக்கவும் தெரிந்தது.

போர்க்காலத்திலும் இதுவே நிலைமை. கெண்ட் மாவட்டத்தின் நாக்ஹோல்ட் நிலையத்தில் லோரன்ஸ் சமிக்ஞைகளை ஒரு காகித நாடாவில் அலைக்கோடாகப் பதிந்து, அதைக் கண்ணால் படித்து எழுத்துகளாக மாற்றினார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நடுவில் ஓர் எழுத்து விடுபட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் சக்கரங்களோடு பொருந்தாமல் பாழாகும். அதனால் ஒரே செய்தியை மறுபடி மறுபடி படித்து ஒப்பிட்டார்கள். நாக்ஹோல்ட் தவறவிட்டதைக் கொலோசஸால் மீட்க முடியாது. ஆனால் கொலோசஸுக்கு மறுபிறப்பு கிடைத்தது. நாக்ஹோல்ட்டின் நாடா படிக்கும் மேசைக்கு இன்று எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்?

6. பெட்டிக்கு வெளியே இருப்பவர்கள்

போர்க்கால ஒட்டுக்கேட்பின் ஒரு பகுதி தன்னார்வத்தாலேயே நடந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1939இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு அமெச்சூர்களின் பரப்பிகளைக் கைப்பற்றியது; வாங்கிகளை விட்டுவைத்தது. நாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஜெர்மன் உளவாளிகளின் ஒலிபரப்பைப் பிடிப்பதற்காக வானொலிப் பாதுகாப்புப் பணி என்ற அமைப்பு இவர்களைச் சேர்த்துக்கொண்டது. சுமார் 1,500 பேர், பகலில் தம் வேலையைப் பார்த்துவிட்டு இரவில் வீட்டில் உட்கார்ந்து கேட்டு, எழுதிய தாள்களைப் ‘பெட்டி எண் 25, பார்னெட்’ என்ற முகவரிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். பிரிட்டனுக்குள் உளவாளி ஒலிபரப்பு அநேகமாக இல்லை. அதற்குப் பதில் ஐரோப்பாவெங்கும் பரவிக் கிடந்த ஜெர்மன் உளவுத்துறையான ஆப்வேரின் வலைப்பின்னல் சிக்கியது. வரலாற்றாசிரியராகப் பின்னாளில் புகழ்பெற்ற ஹியூ டிரெவர்-ரோப்பரும் ஈ. டபிள்யூ. பி. கில்லும் 1940 தொடக்கத்தில் அதன் ஒரு மறைகுறியை உடைத்தார்கள். எதிரி உளவாளிகளையே தம் பக்கம் திருப்பிய ‘இரட்டைக் குறுக்கு’ நடவடிக்கைக்கு இந்த ஒட்டுக்கேட்பு துணைநின்றது.

இவர்களுடைய திறமையின் உச்சம், அனுப்புபவரின் கைவாகை அறிவது. மோர்ஸ் சாவியைத் தட்டும் முறையில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அழைப்புக்குறி மாறினாலும், அலைவரிசை மாறினாலும், ‘இது நேற்று கேட்ட அதே ஆள்’ என்று அனுபவப்பட்ட காது சொல்லிவிடும். யட்லாண்டில் லண்டன் தலைமையகத்துக்கு இல்லாமல் போனது இத்தகைய அறிவுதான். இதை எந்தப் பெட்டி காக்கும்?

இதற்கு மேல் ரகசியக் காப்புச் சட்டம். ஃபிரெட் வின்டர்போதமின் ‘அல்ட்ரா சீக்ரெட்’ நூல் 1974இல் வெளிவரும் வரை கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் சொல்லாமல் வாழ்ந்தவர்கள் பலர். லெஸ்டர்ஷயரின் போமனர் மாளிகையில் பணிசெய்த பெண் படையினர் பலருக்கும் இதே கதி. வாய் திறக்கலாம் என்ற காலம் வந்தபோது சேகரிப்புகள் பெட்டிகளைச் சுற்றி உருவாகத் தொடங்கிவிட்டிருந்தன. அவற்றை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் பொறியியல் பின்னணி கொண்ட ஆண்கள். சாலிடர் இரும்பைப் பிடித்த கைகள். அவர்கள் சுற்றுப்படத்தை நேசித்தார்கள். ஹெட்போனுக்குள் இருந்த பெண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. தீய எண்ணத்தால் நேர்ந்ததன்று. விருப்பத்தின் சாய்வால் நேர்ந்தது. விளைவு ஒன்றே.

கண்ணாடிக்கு இன்னும் வெளியே இருப்பவர்கள் காலனிகளில் பணியாற்றியவர்கள். ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்ட தூரகிழக்கு ஒருங்கிணைப்பு அமைப்பு, சிங்கப்பூரின் வீழ்ச்சிக்குச் சற்று முன் கொழும்புக்கு வந்தது. 1942 ஏப்ரல் 5 குண்டுவீச்சுக்குப் பின் கென்யாவின் கிலிந்தினிக்கு நகர்ந்து, 1943இல் திரும்பி, ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில் ‘எச்.எம்.எஸ். ஆண்டர்சன்’ என்ற பெயரில் இயங்கியது. டெல்லி ஆனந்த் பர்பத் குன்றில் இன்னொரு பெரும் நிலையம். தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காகத் தொடங்கிய வானொலி, ஏக்கலவில் நிறுவிய 100 கிலோவாட் பரப்பியோடு 1949இல் இலங்கை அரசின் கைக்கு மாறி ரேடியோ சிலோன் ஆனது. தமிழ்நாட்டின் இரண்டு தலைமுறைகள் மாலை நேரத்தில் திருப்பிய முள் நின்ற இடம், ஒரு போர்க்காலத் தேவையால் பிறந்தது. மறுபக்கத்தில், ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. ஆசாத் ஹிந்த் அரசின் பிரச்சாரத் துறையை ஏற்றிருந்தவர் எஸ். ஏ. அய்யர். 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி, ஆகஸ்ட் 27இல் தொடங்கி நவம்பர் 12இல் பிடிபட்டது. அவர்களை வேட்டையாடியவையும் திசைகாட்டும் கருவிகள்தாம். ஆர்க்னியின் 20,000 சொச்சம் மக்களால் தம் வானொலி வரலாற்றுக்கு ஒரு வீடு கொடுக்க முடிந்திருக்கிறது என்பதை இதோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

7. அளவுகோல்

சிறு அருங்காட்சியகங்களை எத்தனை பெட்டிகள் வைத்திருக்கின்றன, எத்தனை இயங்குகின்றன என்று மதிப்பிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவு. மூன்று கேள்விகள் போதும். அங்கே மோர்ஸைக் காதால் எடுத்துக் கையால் எழுதத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா? அவர் செய்வது பதிவாகியிருக்கிறதா? ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் அதைச் செய்தவரின் பெயரோடு அதில் கேட்டவரைப் பற்றியும் ஏதாவது எழுதியிருக்கிறதா? முதல் கேள்வியில் தன்னார்வலர் அமைப்புகள் பெரிய அருங்காட்சியகங்களை எளிதாக வெல்லும். பிளெட்ச்லியில் பிரிட்டிஷ் அமெச்சூர் வானொலிச் சங்கமான ஆர்.எஸ்.ஜி.பி. அமைத்துள்ள தேசிய வானொலி மையத்தில் தன்னார்வலர்கள் வருபவர்கள் முன்னிலையிலேயே உலகத்தோடு பேசுகிறார்கள்; எந்தத் தேசிய அருங்காட்சியகக் கூடத்திலும் அது அன்றாடக் காட்சி இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நிலைமை வலுவாக இல்லை. பரண் என்ற வசை பெட்டிகளைப் பார்த்துச் சொன்னால் அநியாயம். பதிவேட்டைப் பார்த்துச் சொன்னால் நியாயம்.

போரில் கேட்டவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் நூறு வயதை ஒட்டியவர்கள். அங்கே இனிச் செய்யக்கூடியது குறைவு. நம் பக்கம் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 14 அன்றுதான் நின்றது. அதற்கு முன்பே மோர்ஸ் ஓய்ந்துவிட்டது என்றாலும், தந்தி அலுவலகங்களிலும் கப்பல்களிலும் காவல்துறை வயர்லெஸ் பிரிவுகளிலும் சாவி தட்டியவர்கள், ஏக்கலவில் பரப்பியைக் கவனித்தவர்கள் நம் தெருக்களில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், ஒரு மோர்ஸ் சாவியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு போய் அவரைத் தட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு, எதிர்முனையில் தட்டியவரை எப்படி அடையாளம் கண்டார் என்று கேளுங்கள். பெயர், ஊர், பணிசெய்த ஆண்டுகள், இடம் ஆகியவற்றை எழுதி, அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒரு படி கொடுத்துவிடுங்கள்.